விடிந்தால்தான் செவ்வாய்

கோலாலம்பூர்
6 ஜூலை 2025

என்னங்க,

வீட்டில் இப்படிக் கூப்பிட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பீர்கள். காகிதத்தில் கூப்பிட்டால் என்ன செய்வீர்கள் என்று தெரியவில்லை.

இனிமேல் போனில் பேச வேண்டாம் என்று சொன்னது நான்தான். கோபத்தில் சொன்னேன், ஆனாலும் அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. பிரஷர் ஏறுகிறது, யாரோடும் வாக்குவாதம் வைத்துக்கொள்ளாதே என்கிறார் டாக்டர். எனக்கு இந்த உலகத்தில் வாக்குவாதம் உங்களோடு மட்டும்தான். நல்லது கெட்டதை அத்தையிடம் போனில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எனக்கு எழுதுங்கள். எழுதும்போது கத்த முடியாது.

இங்கே வேலையில் தைப்பூச லீவு கிடைத்து ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது வயிற்றில் பிள்ளையோடு வந்தேன். ஆறு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, "நீ வரவேண்டாம், நான் வர்றேன்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

உங்கள் டிக்கெட்டில் ஜூன் 24, செவ்வாய், இரவு பன்னிரண்டு இருபது என்றுதான் போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ஏர்போர்ட்டில் நின்றேன். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரு பெரியவரை மாலை போட்டுக் கூட்டிப்போனார்கள். மல்லிகைப்பூ வாசம் வந்தது, திருச்சி விமானம்தான். கடைசியில் ஒரு ஆளும் இல்லாமல் கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது. பயந்துபோய் உங்களுக்குப் போன் போட்டேன். "இன்னிக்கு ராத்திரிதானே ஃப்ளைட்டு, இப்பதான் பெட்டி கட்டிக்கிட்டு இருக்கேன்" என்றீர்கள்.

தப்பு எல்லோருக்கும் வரும். "சரி, நாளைக்கே வேற டிக்கெட் போடுறேன்" என்றேன். "வயலுக்கு முறைத் தண்ணி வந்துடுச்சு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். அப்போது உங்கள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. என்னால் தாங்க முடியாதது அதுதான்.

பிள்ளை ஐப்பசியில் பிறக்கும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த விமானத்தைத் தெரியாமல் விட்டீர்களா, தெரிந்தே விட்டீர்களா?

ஷோபனா


நெடுவாய்க்கால்குடி
ஒரத்தநாடு வழி
20 ஜூலை 2025

ஷோபனாவுக்குப் பஞ்சநதம் எழுதுவது.

உன் கடிதம் பதினோரு நாள் கழித்து வந்தது. தபால்காரர் வண்டியை நிறுத்தி, "மாமா, உங்களுக்கு மலேசியாலேருந்து லெட்டரு. இந்தக் காலத்துல யாரு லெட்டரு போடுறா?" என்று கேட்டார். பெண்டாட்டி என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

நான் முட்டாள் இல்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நம் வீட்டுச் சமையலறையில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அதன் தாளை அம்மா எப்போது கிழிப்பார்கள்? காலையில் எழுந்து, வாசல் தெளித்து, அடுப்புப் பற்றவைத்த பிறகு. எந்த வீட்டிலாவது நடுராத்திரி எழுந்துபோய்த் தாளைக் கிழிக்கிறார்களா? சூரியன் உதித்தால்தான் நாள். அப்படியிருக்க, செவ்வாய் இரவு பன்னிரண்டு இருபது என்று ஒருவன் எழுதிக்கொடுத்தால் அது செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுப் படுத்த பிறகு வருகிற இரவுதானே? விடியாமல் எப்படிச் செவ்வாய் ஆகும்? மருதையனிடம் கேட்டேன், அவனும் இதையேதான் சொன்னான். நம் நிலத்தில் இத்தனை வருஷம் வேலை செய்கிறவன், எனக்காக இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

இன்னொன்று. நாலு மணி நேரம், நாலு மணி நேரம் என்று போனில் என்னைக் குத்திக்கொண்டே இருந்தாய். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள். அங்கிருந்து கால்வாயில் விட்டு, நம் வாய்க்காலில் நுழைந்து, கடைமடையில் இருக்கும் நம் வயலுக்கு வர இன்னும் பத்து நாள். அதுவும் மேலே இருக்கிறவன் மடையை அடைக்காமல் விட்டால். தண்ணீரே இவ்வளவு மெதுவாக வருகிற ஊரில் பிறந்தவன் நான். நாலு மணி நேரத்தில் கடலைத் தாண்டு என்றால் கால் எப்படிக் கேட்கும்?

குறுவை நட்டாகிவிட்டது. பச்சை பிடித்துவிட்டது. நீ போன பிறகு வாங்கிய செவலைக் கன்று வரப்பில் நின்று வானத்தையே பார்க்கிறது. பகலில் ஒரு விமானம் நம் வயலுக்கு நேர் மேலே கிழக்கே போகிறது. அது உன் ஊருக்குத்தான் போகிறதா என்று எனக்குத் தெரியாது. போவதாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். கன்றுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நிற்காதே, உட்கார்.

பஞ்சநதம்


கோலாலம்பூர்
5 ஆகஸ்ட் 2025

என்னங்க,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். காலண்டர் வந்திருக்கிறது, கல்லணை வந்திருக்கிறது, கன்றுக்குட்டிகூட வந்திருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. பரவாயில்லை, நான் மறக்கிற ஆள் இல்லை.

உங்கள் காலுக்குப் புரிகிற மாதிரி தூரத்தைச் சொல்கிறேன். திருச்சியிலிருந்து இங்கே இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் இருக்கும். குடகில் பிறந்து பூம்புகாரில் கடல் சேருகிற காவிரியை மூன்று தடவை நீட்டி வைத்தாலும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அவ்வளவையும் நாலு மணி நேரத்தில் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் ஆறரை மணி நேரம் ஆகியிருக்கும். இங்கே நேரம் உங்களைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. திரும்பி வரும்போது அதே நாலு மணி நேரம் கடிகாரத்தில் ஒன்றரையாகக் குறைந்துவிடும். தைப்பூசத்துக்கு வந்தபோது ஒன்பது மணிக்கு இங்கே ஏறினேன், பத்தரைக்கு உங்கள் முன்னால் நின்றேன். "என்ன, பட்டுக்கோட்டை பஸ்ஸு மாதிரி வந்துட்ட" என்று கேட்டீர்களே, நினைவிருக்கிறதா?

அன்றைக்கு எனக்கு இரண்டரை மணி நேரம் சும்மா கிடைத்தது. அதை என்ன செய்தோம் தெரியுமா? திருச்சியிலிருந்து நம் வீடு வரை உங்கள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். தஞ்சாவூரில் டீ குடித்தது உட்பட, சரியாக அவ்வளவு நேரம். குளிருது, குளிருது என்று உங்கள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டே வந்தேன். திரும்பி இங்கே வந்தபோது அந்த இரண்டரை மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். முதுகையும் சேர்த்துத்தான்.

ஆடிப்பெருக்கன்று ஒரு கனவு. நான் இருப்பது பதினாலாவது மாடி, உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் கதவு திறந்தது, உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது. புதுத் தண்ணீர், செம்மண் நிறம், நுரையும் சருகுமாக. வராந்தா முழுக்க மெதுவாக ஓடியது. கெளுத்தி மீன் ஒன்று என் செருப்பைத் தட்டிவிட்டுப் போனது. பக்கத்து வீட்டு ஜன்னத் பீவி அக்கா கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யாரும்மா மடையைத் திறந்தது?" என்றார். நீங்கள் தோளில் மண்வெட்டியோடு தண்ணீரில் நடந்து வந்து என் கதவு நிலையைத் தட்டிப் பார்த்தீர்கள். "இங்க வரப்பு கொஞ்சம் ஒசரம்" என்றீர்கள். விழித்தபோது சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு அழுதேன்.

பிள்ளை உதைக்கிறது. நான் தாயில்லாத பெண், அதனால் அத்தை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களாவது தேதியைச் சரியாகப் பார்த்து ஏறட்டும்.

ஷோபனா


நெடுவாய்க்கால்குடி
26 ஆகஸ்ட் 2025

ஷோபனாவுக்கு,

அம்மா நல்லபடியாக வந்து சேர்ந்ததைப் போனில் சொன்னார்கள். நான் அவர்களை ஏற்றிவிட்ட கதையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

தஞ்சாவூருக்கு அந்தப் பக்கம் தனியாகப் போனதில்லை அவர்கள். ஏர்போர்ட் வாசலில் துப்பாக்கி வைத்திருக்கிறவரிடம் போய், "தம்பி, மருமகளுக்குப் பிரசவம் பாக்கப் போறேன், எந்தப் பக்கம் போவணும்?" என்று கேட்டார்கள். அவர் வடக்கத்திக்காரர். என்ன புரிந்ததோ, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். உள்ளே போனதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, தன் பெயரையே சொல்லி, "அகிலாண்டம் போயிட்டு வர்றேன்னு எல்லாருகிட்டயும் சொல்லுடா" என்றார்கள். அவ்வளவுதான். பயம் என்பது ஒரு பொட்டுக்கூட முகத்தில் இல்லை. மறுநாள் போனில், "டவுன் பஸ்ஸு குலுக்குற குலுக்குக்கூட இல்லடா, ஒரு தூக்கம், எழுந்தா ஊரு வந்துடுச்சு" என்கிறார்கள். பெற்றவளுக்கு இருப்பது பிள்ளைக்கு இல்லாமல் போனது எப்படி என்று யோசித்துக்கொண்டே வண்டியை ஓட்டிவந்தேன்.

உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. எனக்குப் பயம். செத்துப்போவேன் என்கிற பயம் இல்லை. தென்னை ஏறுகிறவன்தான் நான், உயரம் எனக்குப் புதிது இல்லை. ஆனால் தென்னையின் உச்சியில் இருந்தாலும் அதன் அடி மண்ணில் இருக்கிறது, காலில் தெரியும். விமானத்துக்கு அடி எங்கே இருக்கிறது? கீழே காற்று, அதற்குக் கீழே கடல். மண்ணே இல்லாத இடத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் பாதம் இரண்டும் வேர்க்கிறது. சிரிக்காதே.

உன் இரண்டரை மணி நேரம் எனக்கும் கனவில் வந்துவிட்டது. மல்லிப்பட்டினம் கடற்கரைக்குப் போயிருக்கிறேன். வலை காயப்போடுகிற இடத்தில் வலை இல்லை. கிழக்கே போகிறவர்கள் எல்லாரும் விட்டுவிட்டுப் போன நேரமெல்லாம் மணலில் கிடக்கிறது. பார்க்க எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, லேசாகச் சூடாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம். உன்னுடையது எது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் வண்டிச் சத்தமும், குளிருது குளிருது என்று ஒரு குரலும் கேட்டது. அதை மடியில் கட்டிக்கொண்டேன். எழுந்து பார்த்தால் மடியில் ஒன்றும் இல்லை.

சம்பாவுக்கு நாற்றங்கால் உழுதாயிற்று. விதை தெளிக்கப் போகிறேன். வீட்டில் நான் மட்டும். அம்மா இல்லாததால் காலண்டர் தாளைக் கிழிக்க ஆள் இல்லை, நாலு நாளாக வெள்ளிக்கிழமையே நிற்கிறது.

பஞ்சநதம்


கோலாலம்பூர்
10 செப்டம்பர் 2025

என்னங்க,

நான் சிரிக்கவில்லை. அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துத் துடைத்துவிட வேண்டும் போல இருந்தது.

இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் கல்லணையையும் காலண்டரையும் துணைக்குக் கூப்பிட்டீர்களா? கட்டின பெண்டாட்டியிடம் பயம் என்று சொல்வதற்கு என்ன வெட்கம்? எனக்கும் பயம்தான். ரத்தம் அதிகமாகப் போகலாம் என்று டாக்டர் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார். அப்படி ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்கிறார். அத்தை போடுவார்கள். ஆனால் எனக்கு நீங்கள் வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் உங்கள் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் வளைகாப்பு நடந்தது. ஜன்னத் பீவி அக்கா அதிராம்பட்டினத்துக்காரர், வளையல்களை அவர்தான் தேடித்தேடி வாங்கிவந்தார். அத்தை ஐந்து சாதம் கிளறி மாடி முழுக்கக் கொடுத்தார்கள். ஊரிலிருந்து பாத்திரம் பண்டத்தோடு ஒரு தினசரிக் காலண்டரையும் கொண்டுவந்து ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். காலையில் காபி போட்ட பிறகுதான் தாளைக் கிழிக்கிறார்கள். உங்கள் கட்சிக்கு இங்கே ஒரு ஓட்டு இருக்கிறது.

தேதி குறித்துவிட்டார்கள். அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை காலையில் ஆபரேஷன். உங்களுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், மருதையன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். இனி நான் எழுதுவதை மெதுவாகப் படியுங்கள். டிக்கெட்டில் அக்டோபர் 13, திங்கள், பன்னிரண்டு இருபது என்று போட்டிருக்கும். அதை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் அது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, சாயங்காலம் ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை. மூன்று தடவை அடிக்கோடு போட்டிருக்கிறேன், பேனா கிழித்துவிட்டது.

சூலமும் பார்த்துவிட்டேன். ஞாயிறு மேற்கே சூலம், நீங்கள் வருவது கிழக்கே. இனி சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

ஏர்போர்ட்டில் இந்தத் தடவை நான் வந்து நிற்க முடியாது. முடிந்தாலும் நிற்க மாட்டேன். அந்தக் கண்ணாடிக் கதவை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது. வருவதென்றால் வாருங்கள். வரவில்லையென்றால், எனக்கு அந்த ஒரு பதிலையாவது எழுதிவிடுங்கள்.

ஷோபனா


நெடுவாய்க்கால்குடி
4 அக்டோபர் 2025

ஷோபனாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என்னால் வர முடியாது.

சாக்குச் சொல்ல வேண்டுமென்றால் நிறைய இருக்கிறது. ஞாயிறு மேற்கே சூலம் என்றாய். நம் ஊருக்குத் திருச்சி எந்தப் பக்கம் இருக்கிறது? மேற்கே. கிழக்கே போகிறதுக்கு முன்னால் நான் மேற்கே அல்லவா போக வேண்டும்? நாற்றுப் பறித்து நடவு பாதியில் நிற்கிறது. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. இதையெல்லாம் எழுதினால் நீ பல்லைக் கடிப்பாய், பிரஷர் ஏறும். அதனால் இவை எதுவும் காரணம் இல்லை என்று நானே எழுதிவிடுகிறேன். வெல்லம் தின்றுவிட்டுப் போனால் மேற்குச் சூலம் ஒன்றும் செய்யாது, அது எனக்கும் தெரியும்.

நேற்று ஒத்திகை பார்க்கிற மாதிரி திருச்சிக்குப் போனேன். ஏர்போர்ட் வேலிக்கு வெளியே நின்றேன். ஒன்று கிளம்பியது. சக்கரம் தரையை விட்ட அந்த நொடியில் வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் கரும்புச்சாறு விற்கிற பெண், "என்னண்ணே, உடம்பு முடியலயா?" என்று நாற்காலி போட்டார். அப்படி ஒரு ஆள் உன் பக்கத்தில் வந்து நின்று உனக்கு என்ன தைரியம் சொல்லப்போகிறான்?

நீ கேட்ட பதில். தெரியாமல்தான் விட்டேன், ஆறு வருஷம் காத்திருந்த பிள்ளை மேல் ஆணை. ஆனால் விட்டுவிட்டேன் என்று தெரிந்தவுடன் நிம்மதியாக இருந்தது. அதை நீ போனிலேயே கேட்டுவிட்டாய். இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தும் கேட்டுவிட்டாய். எனக்கு உன் மேல் ஆசை இல்லை என்று நினைக்காதே. ராத்திரி உன் தலையணையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். மனசு எப்போதோ வந்துவிட்டது ஷோபனா, கால்தான் வரவில்லை.

அம்மா கையெழுத்துப் போடட்டும். என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியவில்லை என்றால் கோபமாகவாவது இரு, ஆனால் நல்லபடியாகப் பிழைத்துவா.

பஞ்சநதம்


கோலாலம்பூர்
18 அக்டோபர் 2025

என்னங்க,

நாலாம் தேதி எழுதிய உங்கள் கடிதம் இன்றைக்குக் காலையில்தான் வந்தது. வர முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தேன்.

எழுதிய ஆள் அடுத்த அறையில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பில் நடக்கிற மாதிரி ஒரே கோட்டில் போய்ப்போய் வருகிறார். அவரைக் கூப்பிட்டு என்ன இது என்று கேட்டிருக்கலாம். ஆனால் நமக்குள் எழுதுவதென்று ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கீழே தபால் பெட்டியிலிருந்து இதை எடுத்துவந்ததே நீங்கள்தான். "யாரோ வேலையத்தவன் எழுதியிருக்கான், படிக்காத" என்று சட்டைக்குள் ஒளித்தீர்கள். அத்தைதான் பிடுங்கிக் கொடுத்தார்கள். கடிதத்தைப் போட்ட அன்றைக்கே மனசு கேட்காமல் ஒரத்தநாடு தபாலாபீசுக்குத் திரும்ப ஓடியதையும், பை போய்விட்டது என்று அவர்கள் சொன்னதையும் இப்போதுதான் சொன்னீர்கள். "அது வர்றதுக்கு முன்னாடி நான் வந்துடணும்னு தோணிச்சு. அது உன் கையில கிடைக்கிறப்ப நான் பக்கத்துல இல்லன்னா நீ நம்பிடுவ" என்றீர்கள். உங்களை விமானத்தில் ஏற்ற மூன்று மாதம் முயன்றேன், முடியவில்லை. உங்கள் கடிதமே ஏற்றிவிட்டது.

சூலத்தை ஜெயித்த கதையை மட்டும் நீங்கள் யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்கிறீர்கள். ஜன்னத் பீவி அக்காவுக்கு இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை கிழக்கே சூலம், அதனால் அன்றைக்கு மேற்கே திருச்சிக்கு வந்துவிட்டீர்கள். ஞாயிறு மேற்கே சூலம், கிழக்கே பறந்துவிட்டீர்கள். நடுவில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஏர்போர்ட் வாசலுக்கு எதிரே டீக்கடையில் பெட்டியும் பையுமாக உட்கார்ந்திருந்தீர்கள். கடைக்காரர், "எந்த ஃப்ளைட்டுண்ணே?" என்று கேட்டதற்கு, "நாளைக்கு ராத்திரி ஃப்ளைட்டு, போன தடவ ஒரு நாள் லேட்டாப் போயிட்டேன், அதான்" என்றீர்களாம். இதைக் கேட்டு நான் சிரித்தேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது தையல் வலித்ததால் இல்லை.

திங்கள் காலையில் மணி அடித்தபோது பால்காரர் என்றுதான் கதவைத் திறந்தேன். ஒரு கையில் என் பழைய கடித உறை, முகவரியை டாக்சிக்காரரிடம் காட்டியது. இன்னொரு கையில் காகிதத்தில் மடித்த வெல்லம், எதற்கும் இருக்கட்டும் என்று. கால் இரண்டும் வேர்த்துச் செருப்பு வழுக்கியது. "ஃப்ளைட்டுல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னீர்கள். "கண்ண மூடிக்கிட்டே இருந்தேன். அப்பறம் கண்ணாடியில செவப்பாத் தெரிஞ்சுது. என் வாட்ச்சுல நாலு மணிதான் ஆவுது, வெடிஞ்சிடுச்சு. எப்பவும் நான்தான் விடியறதுக்குக் காத்துக்கிட்டு இருப்பேன். இன்னிக்கு அதுவா எதிர வந்து நின்னுச்சு. அப்ப கீழ பாத்தேன். மேகம் உழுதுபோட்ட மாதிரி இருந்துச்சு. எறங்கி நடக்கலாம் போல இருந்துச்சு."

அன்று ராத்திரியே ரத்தம் போக ஆரம்பித்தது. காலை வரை காத்திருக்க முடியாது என்றார்கள். சனிக்கிழமை கிளம்பாமல், போன தடவை மாதிரி டிக்கெட்டை நம்பித் திங்கள் ராத்திரி நீங்கள் கிளம்பியிருந்தால்? அதை யோசிக்கவே கூடாது என்று வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டீர்கள். மூக்கில் மாஸ்க் வைக்கிறதுக்கு முன்னால் உங்கள் முகத்தைப் பார்த்தேன். பயந்துபோன முகம்தான். தைரியம் சொல்லத் தெரியாத முகம்தான். அதைத்தான் நான் கேட்டிருந்தேன்.

அதிகாலை நாலு பத்துக்குப் பிறந்தாள். ஆஸ்பத்திரி சான்றிதழில் செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 14 என்று போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். போட்டுவிட்டுப் போகட்டும். அத்தை காலையில் வீட்டுக்குப் போய்க் காபி போட்ட பிறகுதான் திங்கட்கிழமைத் தாளைக் கிழித்தார்கள். என் மகள் திங்கட்கிழமை பிறந்தவள். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். விடியாமல் எப்படிச் செவ்வாய் ஆகும்?

உங்கள் வாட்ச்சை இன்னும் நீங்கள் மாற்றவில்லை, கவனித்தேன். மாற்ற வேண்டாம். மாதக் கடைசியில் நீங்கள் திரும்ப வேண்டும், மருதையன் ஒருத்தனே சம்பாவைப் பார்க்க முடியாது. போகும்போது நீங்கள் விட்ட இரண்டரை மணி நேரமும் திரும்பக் கிடைக்கும். தனியாக வண்டி ஓட்டிப்போகிற ரோட்டில் அதைச் செலவழியுங்கள். தஞ்சாவூரில் டீ குடியுங்கள்.

இந்தக் கடிதத்தை நெடுவாய்க்கால்குடி முகவரிக்கே போடுகிறேன். நீங்கள் முதலில் போய்ச் சேருகிறீர்களா, இது முதலில் சேருகிறதா என்று பார்க்கலாம். எனக்குக் கேட்க இனி ஒன்றும் இல்லை.

பொங்கலுக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். இந்தத் தடவை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியது நீங்கள். டிக்கெட்டில் என்ன தேதி போட்டிருந்தாலும் எதற்கும் ஒரு நாள் முன்னாடியே வந்து உட்கார்ந்துவிடுங்கள்.

ஷோபனா